கழுவாமல் கொண்டு வாருங்கள்

அந்தச் சலவை நிலையத்தில் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். நாற்பத்தொரு பேர் துணியைச் சுத்தம் செய்தார்கள்; ஒருவர் துணியை விசாரித்தார். பின்கட்டு ஜன்னலோரம், நாள் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் விழும் நீண்ட மேசை அவருடையது. மேசைமேல் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, நான்கு சிறு தூரிகைகள், வரிசையாகச் சின்னச் சின்னப் புட்டிகள். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எல்லார் வாயிலும் புழங்கியது ‘கறைக்காரம்மா’ என்பதுதான்.

கறையோடு வரும் ஒவ்வொரு துணியிலும் அவர் ஒரு மஞ்சள் சீட்டைக் குத்துவார். அதில் ஐந்து வரிகள். எங்கே இருக்கிறது? எப்போதிலிருந்து? என்ன பட்டது? இதுவரை என்ன போட்டுப் பார்த்தார்கள்? ஐந்தாவது வரியில் ‘பெயர்’ என்று மட்டும் இருக்கும்; கறையின் பெயர். அந்த ஐந்தாவது வரி நிரம்பும்வரை எந்தப் புட்டியின் மூடியும் திறக்காது. தேநீர்க் கறையும் துருக்கறையும் தூரத்திலிருந்து பார்த்தால் உடன்பிறந்தவை போலிருக்கும். கிட்டே போனால் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே இல்லாதவை என்பது தெரியும். ஒன்றுக்கு உகந்த மருந்து மற்றதற்கு விஷம். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் அவர் சோறு சாப்பிட்டுவந்தார்.

அப்படிப்பட்டவரின் தோலிலேயே ஒரு கறை வந்து உட்கார்ந்தது.

முதலில் இரண்டு முழங்கைகளிலும், பிறகு இரண்டு முழங்கால்களிலும், அப்புறம் காதுக்குப் பின்னால் முடியோரத்திலும் தடித்த திட்டுக்கள். மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் படிந்து உதிர்ந்தது. சுத்தத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அது பெருத்த மானக்கேடாகப் பட்டது. மருத்துவரிடம் போகும் நாளன்று விடியற்காலையிலேயே எழுந்து, வெந்நீரில் ஊறி, நார் கொண்டு செதிலெல்லாம் போகும்வரை தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, வெளுத்த உடுப்பு உடுத்திக்கொண்டுதான் போவார். அழுக்குத் துணியை விருந்தாளி முன் விரிப்பாரா யாரேனும்? தெருமுனை மருத்துவர் பார்த்தபோது அங்கே இருந்தவை விளிம்பு தெரிகிற, வழவழப்பான சில திட்டுக்கள் மட்டுமே. தேய்த்த தேய்ப்பில் நடுப்பகுதி கொஞ்சம் அமுங்கி, ஓரம் மட்டும் எடுப்பாக நின்றது. “படர்தாமரைம்மா. தொத்து வியாதி. துண்டு, சோப்பு எல்லாம் தனியா வச்சுக்குங்க” என்று சொல்லி ஒரு களிம்பு எழுதினார்.

மூன்று மாதம் பூசியும் களிம்பு தோற்றது. இரண்டாவதாக எழுதிக்கொடுத்த கலப்புக் களிம்பு ஒரு வாரம் வேலை செய்வது போல நடித்துவிட்டு, நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாகக் கிளப்பிவிட்டது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் மாட்டிக்கொண்டு அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வம்பு வந்தது இஸ்திரி அறையிலிருந்து. அங்கே நீராவிப் பெட்டிகளை ஓட்டுபவரை எல்லாரும் ‘நீராவி’ என்றே அழைத்தார்கள். கைகள் எப்போதும் ஆவியில். மனம் எப்போதும் கொதிநிலையில். கெட்டவர் அல்லர். சுவரோரக் குழாயின் சூட்டுக்காக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பூனைக்குட்டியைத் வேலையின்போது தாம் இடுப்பில் கட்டும் துணியை மடித்துப் படுக்கையாகப் போட்டு வளர்த்தவர். அதன் காதோரம் கொஞ்சம் முடி கொட்டியிருந்ததைக்கூடக் குழாய் சுட்ட காயம் என்று நினைத்து எண்ணெய் போட்டவர். அவருடைய இடுப்பின் இடப்பக்கத்தில் ஒருநாள் அரிப்போடு ஒரு வட்டம் தோன்றியது. கறைக்காரம்மாவின் சட்டைக்கை ஒருமுறை நழுவியபோது அவர் முழங்கையைப் பார்த்திருந்தார். இரண்டையும் கூட்டி விடை கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாளே மேலாளர் அறையில் விசாரணை நடந்தது.

“நான் யாரையும் தப்பா சொல்லலைங்க” என்று நீராவி தொடங்கினார். “அவங்க தொட்ட துணி எங்கிட்டதான் வருது. எனக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்.”

“எத்தனை வருஷமா நான் தொட்ட துணி உங்கிட்ட வருது?” என்றார் கறைக்காரம்மா.

“பதினோரு வருஷம்.”

“அப்ப பதினோரு வருஷமா உனக்கு வந்த கோபமும் எங்கிட்டேயிருந்து ஒட்டினதுதானா?”

மேலாளர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். ஆனால் அவர் நிலைமையும் இக்கட்டானது. அந்நிலையத்துத் துணியில் பாதிக்குமேல் பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து சுகாதார ஆய்வாளர் வருகிறார். ஊழியர் யாருக்கேனும் தொற்றுகிற தோல் நோய் இருப்பது தெரிந்தால் விரிப்புகள் வேறு நிலையத்துக்குப் போய்விடும்.

“அம்மா, உங்களை விட்டா எனக்கு அந்த மேசைக்கு ஆளே கிடையாது” என்றார் மேலாளர். “ஆனா ஒரு டாக்டர், அதுவும் தோல் டாக்டர், ‘இது தொத்தாது’ன்னு எழுதித் தரணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள. இல்லேன்னா நான் வேற வழி பண்ணிக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் துணியைத் தொடாதீங்க. தம்பி, நீயும் கூடப் போ. உன் இடுப்பையும் காட்டு. ரெண்டு பேருக்கும் சீட்டு வேணும்.”

“நான் எதுக்குங்க? நான் வாங்கிக்கிட்டவன்தானே, கொடுத்தவன் இல்லையே.”

“அதை டாக்டர் சொல்லட்டும்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தோல் மருத்துவரிடம் முன்பதிவு கிடைத்தது. அன்று திங்கள்.

கறைக்காரம்மாவைத் தொங்கிகள் அறைக்கு மாற்றினார்கள். சட்டை மாட்டும் கம்பித் தொங்கிகளைச் சிக்கெடுத்து அளவுவாரியாக மாட்டிவைக்கும் வேலை. கம்பிக்குத் தோல் நோய் வராது என்பதால் கொடுக்கப்பட்டது. தேநீர் இடைவேளையில் அலமாரிக்குப் போனபோது தம் கோப்பை மட்டும் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அதன் கைப்பிடியில் அடையாளத்துக்காகச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கட்டியவள் துணி மடிக்கும் பிரிவிலிருக்கும் பெண். அவரை ‘அக்கா, அக்கா’ என்று வாய் நிறைய அழைப்பவள். அன்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தாள். கறைக்காரம்மா சிவப்பு நூல் கட்டிய கோப்பையில் தேநீர் ஊற்றி, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நீராவி தொங்கிகள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைக் கோட்டு. நகரத்து வாத்தியக் குழுத் தலைவருடையது. அடுத்த செவ்வாய் மாலைக் கச்சேரிக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“கறைக்காரம்மா, இதைக் கொஞ்சம் அங்கிருந்தே பாருங்க. தொட வேண்டாம்” என்று தூக்கிக் காட்டினார். மார்புப் பக்கத்தில் மங்கலான பழுப்பு நிழல் ஒன்று, விளிம்பில்லாமல் பரவிக் கிடந்தது.

“இது என்ன கோலம்?”

“வந்தப்ப நல்ல பழுப்பா, சின்னதா, அழகாத்தான் இருந்துச்சு. உங்ககிட்ட காட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு வெந்நீர்ல சோப்பு போட்டு ஒரு அலசு அலசினேன்.”

“சீட்டு?”

“சீட்டு எழுதலை. அவசரம்.”

கறைக்காரம்மா கையிலிருந்த தொங்கியைக் கீழே வைத்தார். “ஏம்ப்பா, கறைக்கு முகம்னு ஒண்ணு இருக்கு. ஓரம் எப்படி, மேல படிஞ்சிருக்கா உள்ள இறங்கியிருக்கா, தொட்டா மொறமொறங்குதா பிசுபிசுங்குதா, அதையெல்லாம் பாத்துத்தான் அது யாருன்னு சொல்ல முடியும். நீ முகத்தை அழிச்சிட்டுக் கொண்டுவந்து பேர் கேக்கற. கழுவினதுக்கு அப்புறம் காட்டினா நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும்?”

நீராவி எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். கறைக்காரம்மா மறுபடி தொங்கியை எடுத்தார். எடுத்தவர் அதை மாட்டவில்லை. கம்பிகளுக்கு நடுவே அப்படியே நின்றார். கழுவினதுக்கு அப்புறம் காட்டினா. தாம் சொன்ன வார்த்தை தம்மிடமே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. தெருமுனை மருத்துவரிடம் போன இரண்டு முறையும் விடியற்காலையில் ஊறியதும், நார் போட்டுத் தேய்த்ததும், எண்ணெய் மினுக்கியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. இருபத்து மூன்று ஆண்டுகளாக வாடிக்கையாளர்களுக்கெல்லாம் எதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவந்தாரோ அதைத்தான் தம் உடம்புக்குச் சிரத்தையாகச் செய்திருக்கிறார்.

அன்று மாலையே வீட்டுக் குளியலறையிலிருந்த நாரை எடுத்துக் குப்பையில் போட்டார்.

கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். ஆண்டுக்கு இருமுறை கரைக்கு வருவார். வீட்டில் உடனிருந்தது கணவரின் தங்கை. மழலையர் பள்ளியில் ஆசிரியை. காலை முதல் மாலைவரை மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லி, மிருகம் இல்லாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச வராது அவளுக்கு.

வியாழக்கிழமைக்குள் திட்டுக்கள் தம் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கின. மெழுகுவத்தியைச் சுரண்டியது போல வெள்ளியாய் மின்னும் செதில்கள் அடுக்கடுக்காக ஏறின. உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் எல்லாம் உதிர்ந்து கிடந்தன. வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு, எதையும் தேய்க்காமல், எதையும் தடவாமல் இருப்பது அவருக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கடினமாக இருந்தது. நாத்தனார் சின்னத் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தாள்.

“அண்ணி, நீங்க எந்த வழியா போனீங்கன்னு இப்ப துப்பறியவே வேண்டாம்.”

“கிண்டல் பண்ணு, கிண்டல் பண்ணு. எனக்கு இதைச் சுமந்துக்கிட்டு அந்த டாக்டர் முன்னாடி போய் நிக்கறதை நெனச்சாலே கூசுது. சனிக்கிழமை காலையில மட்டும் லேசா ஒரு தடவை தேச்சுக்கட்டுமா?”

நாத்தனார் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஒரு காட்டுல ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சாம்.”

“ஆரம்பிச்சுட்டியா.”

“கேளுங்க அண்ணி. அதுக்கு உடம்பு சரியில்லை. அந்தக் காட்டுல கரடிதான் வைத்தியர். ஆனா முள்ளம்பன்றிக்கு ரொம்ப மரியாதை தெரியும். பெரியவங்க முன்னாடி முள்ளைத் தூக்கிக்கிட்டு நிக்கலாமான்னு, எல்லா முள்ளையும் தண்ணி தொட்டுப் படிய வாரிக்கிட்டுப் போச்சு. கரடி பாத்துச்சு. ‘ஓ, நீ கொஞ்சம் பெரிய எலி’ன்னு சொல்லி எலிக்கு உண்டான மருந்தைக் கொடுத்துச்சு. குணமாகலை. மறுபடி போச்சு, மறுபடி வாரிக்கிட்டு. மறுபடி எலி மருந்து. கடைசியில ஒருநாள் தும்மல் வந்துச்சு. கரடிக்கு முன்னாடியே. அத்தனை முள்ளும் சரேல்னு நின்னுச்சு. கரடி சொல்லிச்சாம், ‘அட, இதை முன்னாடியே தும்மியிருக்கக் கூடாதா.’”

கறைக்காரம்மா சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு எழுந்து, பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, மேசையில் வைத்து, தம் உடம்பை ஒரு துணியாகப் பாவித்து எழுதத் தொடங்கினார். நான்கு வரிகளை நிறைவாக எழுதினார். ஐந்தாவது வரியைக் காலியாக விட்டார்.

சனிக்கிழமை காலை தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் நீராவி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் ஒரு நாற்காலி தள்ளி உக்காரலாம். சுவர் வந்துடும், அவ்வளவுதான்” என்றார் கறைக்காரம்மா.

“எதுக்குங்க வம்பு? டாக்டர் எழுதித் தர்ற சீட்டை வாங்கிட்டு வாங்க, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.”

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நெற்றியில் கண்ணாடி, கழுத்தில் இன்னொரு கண்ணாடி. கறைக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைக் கையை மடித்தார். செதில் கொஞ்சம் மேசைமேல் உதிர்ந்தது. முகம் சூடேறியது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“மன்னிக்கணும் டாக்டர். நாலு நாளா தேய்க்கலை, எண்ணெய் போடலை. வேணும்னேதான். உங்களுக்கு அதோட முகம் தெரியணும்னு.”

மருத்துவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். “யார் சொன்னாங்க இப்படி வரச் சொல்லி?”

“என் மேசை” என்று சொல்லி மஞ்சள் சீட்டை நீட்டினார்.

மருத்துவர் அதை வாய்விட்டே படித்தார். “எங்கே: ரெண்டு முழங்கை, ரெண்டு முழங்கால், காதுக்குப் பின்னால். வலமும் இடமும் ஒரே மாதிரி. எப்போதிலிருந்து: பதினாலு மாசம். என்ன பட்டது: ஒன்றும் படாமலே வந்தது, ஆனால் இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டி விளிம்பு சுட்ட இடத்தில், சுட்ட கோட்டின் மேலேயே புதிதாக வந்திருக்கிறது. என்ன போட்டுப் பார்த்தோம்: படர்தாமரைக் களிம்பு மூணு மாசம், பலனில்லை, கலப்புக் களிம்பு, ஒரு வாரம் அடங்கி மறுபடி அதிகம், ரெண்டையும் விட்டு ஒன்றரை மாசம்.” சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “நாள் பூரா நான் கேட்டும் கிடைக்காத பதிலெல்லாம் இதுல இருக்கும்மா.”

பிறகு அவர் பார்க்கத் தொடங்கினார். அவர் பார்த்த விதத்தைக் கறைக்காரம்மா அடையாளம் கண்டுகொண்டார்: முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் பக்கத்திலிருந்து, அப்புறம் உருப்பெருக்கி வழியாக. பேசிக்கொண்டே பார்த்தார்.

“படர்தாமரைன்னா ஓரம் உசந்து, நடு தெளிஞ்சு, மோதிரம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமா வரும். இது நடுவும் ஓரமும் ஒரே தடிப்பு. நீங்க தேச்ச தேய்ப்புலதான் மோதிரமாட்டம் தெரிஞ்சிருக்கும். கரப்பான், அதான் எக்ஸிமான்னா, மடிப்புக்குள்ள வரும், எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு சொல்ல முடியாது, நீர் கசியும். இது மடிப்புக்கு வெளிப்பக்கம், கோடு போட்ட மாதிரி எல்லை. தலையில வெறும் பொடுகுன்னா செதில் மஞ்சளா, பிசுக்கா இருக்கும். இது காஞ்சு, வெள்ளியா இருக்கு. நம்ம மாதிரி நிறத்துல அடியில சிவப்பு தெரியாது, கருஞ்சிவப்பா ஊதா கலந்தாப்பல இருக்கும். அதனாலயும் பலர் ஏமாந்துடறாங்க. நகத்தைக் காட்டுங்க.”

கறைக்காரம்மா விரல்களை விரித்தார். நகங்களில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். “இது வெளுப்பு மருந்தால வந்தது டாக்டர். ரொம்ப வருஷமா...”

“வெளுப்பு மருந்து இப்படிக் குழி போடாது. உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?”

அவர் யோசித்தார். “எங்க அப்பா தச்சு வேலை பாத்தவர். முழங்கை ரெண்டும் தடிச்சு வெள்ளையா இருக்கும். மேசையில ஊனி ஊனிக் காய்ப்புக் காச்சதுன்னு சொல்வாங்க.”

“காய்ப்பு உதிருமா?”

கறைக்காரம்மாவுக்குச் சட்டென்று அப்பாவின் நாற்காலி நினைவுக்கு வந்தது. அம்மா தினமும் அதன் கைகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். “உதிர்ந்துச்சு” என்றார் மெதுவாக.

மருத்துவர் மழுங்கிய கத்தி ஒன்றால் செதிலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் சேர்த்தார். செதில் போன இடத்தில் ஊசி முனையளவு இரத்தப் புள்ளிகள் இரண்டு மூன்று எழுந்தன. “இதுவும் ஒரு சாட்சி. ஆனா இதை நீங்க வீட்டுல சுரண்டிப் பாக்கக் கூடாது.” பிறகு நீராவியை உள்ளே அழைத்து, அவர் இடுப்பிலிருந்து இன்னொரு தகட்டில் கொஞ்சம் எடுத்தார். இரண்டு தகட்டிலும் ஒரு திரவத்தின் சொட்டு. சிறிது நேரம் காத்திருந்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக நீண்ட நேரம் பார்த்தார். கறைக்காரம்மா தம் இரண்டு கைகளையும் மடியில் கோத்து, வடக்கயிறு போல இறுக்கிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் வந்து பாருங்க. முதல்ல இது.”

கறைக்காரம்மா குனிந்து பார்த்தார். கலைந்த ஓடுகள் போலச் செதில் துண்டுகள், அவ்வளவுதான்.

“இது உங்களோடது. படர்தாமரையை உண்டாக்கற காளானோட இழை ஒண்ணுகூட இல்லை. இப்ப இது.”

இரண்டாவது தகட்டில், ஓடுகளுக்கு நடுவே, கிளை பிரிந்த மெல்லிய நூல்கள் ஓடின. துணிக்காரரின் கண்ணுக்கு அது ஒரு நொடியில் பட்டது. “இழை ஓடுது டாக்டர்.”

“ஓடுது. இதுதான் படர்தாமரை. இது தொத்தும்.”

“இது யாரோடது?” என்றார் நீராவி.

மருத்துவர் அவருடைய இடுப்பைப் பார்த்தார். நீராவியும் குனிந்து தம் இடுப்பைப் பார்த்தார்: மோதிரம் போன்ற வட்டம், உயர்ந்த ஓரம், தெளிந்த நடு, ஒரே ஒரு பக்கம். சற்று முன் சொன்ன அடையாளங்கள் எல்லாம் வரிசையாக வந்து அங்கே ஆஜராகியிருந்தன.

“அப்ப அவங்களுக்கு என்னங்க?”

“அவங்களுக்கு சொரியாசிஸ். யாரையும் தொட்டு வர்றதில்லை, யாருக்கும் தொத்தறதில்லை. ஒரே கோப்பையில குடிக்கலாம், ஒரே துண்டுல துடைக்கலாம். உடம்பே அவசரப்பட்டுப் புதுத் தோலை அடுக்கிக்கிட்டே போகுது, அவ்வளவுதான். சில பேருக்கு இவ்வளவு தெளிவா இருக்காது, தோல்ல ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.” கறைக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். “பொய் சொல்ல மாட்டேன்மா. அடியோட போயிடும்னு வாக்குக் கொடுக்க முடியாது. வரும், அடங்கும், மறுபடி தலைகாட்டும். அடக்கி வைக்க நல்ல மருந்து இருக்கு. நார் மட்டும் போட்டுத் தேய்க்காதீங்க. தேய்க்கத் தேய்க்க அதுக்கு வீம்பு வரும். மூட்டுல வலி, காலையில விறைப்புன்னு வந்தா உடனே எங்கிட்ட சொல்லணும்.”

போகாது என்று கேட்டதும் அழுகை வரும் என்று கறைக்காரம்மா எதிர்பார்த்தார். வரவில்லை. மஞ்சள் சீட்டைக் கேட்டு வாங்கி, மருத்துவரின் பேனாவையே வாங்கி, ஐந்தாவது வரியில் நிறுத்தி நிதானமாகப் பெயரை எழுதினார். பதினாலு மாதமாகப் பெயரில்லாமல் தம்மைத் துரத்திய ஒன்று, அந்த எழுத்துக்களுக்குள் வந்து அடங்கி உட்கார்ந்ததைப் போலிருந்தது.

“உங்களுக்கு” என்று மருத்துவர் நீராவியிடம் திரும்பினார், “வீட்டுல நாய், பூனை ஏதாவது?”

“வீட்டுல இல்லீங்க. இஸ்திரி ரூம்ல ஒரு குட்டி. என் இடுப்புத் துணிமேலதான் தூங்கும்.”

“அதுக்கு எங்கயாவது முடி கொட்டியிருக்கா?”

நீராவி மிகவும் சின்னக் குரலில், “காதோரம்” என்றார்.

வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்தில் நீராவி அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

“தள்ளி நில்லுப்பா” என்றார் கறைக்காரம்மா. “எனக்குத் தொத்திடப் போகுது.”

நீராவி பதறி இரண்டடி பின்வாங்கினார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததில், பேருந்துக்குக் காத்திருந்த மற்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மேலாளர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து நின்று, தாமே கறைக்காரம்மாவின் மேசைவரை நடந்து, அதன்மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். “உக்காருங்கம்மா” என்றார். நீராவிக்கு மாத்திரையும் களிம்பும். வட்டம் மறையும்வரை தொங்கிகள் அறை. பூனைக்குட்டி மிருக வைத்தியரிடம் போனது. அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டி அனுப்பியது நீராவியேதான். நான்கு வரிகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

கறைக்காரம்மா முதலில் கேட்டது அந்த வெள்ளைக் கோட்டை. இப்போது தொடலாம். மார்புப் பக்கத்து மங்கல் நிழலை விட்டுவிட்டு, துணியின் உள்மடிப்பைப் பிரித்து உருப்பெருக்கியை வைத்தார். வெந்நீர் எட்டாத தையலோரத்தில் கடுகளவு பழுப்பு அப்படியே மிஞ்சியிருந்தது. பக்கத்தில் இரண்டு நுண்ணிய துளைகள். யாரோ பதக்கம் குத்தி, மழையிலோ வியர்வையிலோ கழற்றாமல் விட்ட ஊசியின் வேலை. ‘துரு’ என்று எழுதி, அதற்குரிய புட்டியைத் திறந்தார். இரண்டாவது சொட்டில் நிழல் வெளிறியது. ஐந்தாவது சொட்டில் காணாமல் போனது.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்தபோது நல்ல வெயில். கறைக்காரம்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார். திட்டுக்கள் இருந்த இடத்தில் இருந்தன. மருந்து தொடங்கி மூன்றே நாள். ஆய்வாளரின் கண் அங்கே போனது. போன கண், மேசைக்குமேல் ஜன்னல் சட்டத்தில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டுக்கு ஏறியது. ஐந்து வரிகளையும் படித்தார். கடைசி வரியில் பெயருக்குப் பக்கத்தில் ‘தொற்றாது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மேலாளர் சான்றிதழை நீட்டினார். ஆய்வாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையும் இங்கேயே மாட்டணுமா?” என்று சீட்டைக் காட்டிக் கேட்டார்.

“இங்க வர்ற எல்லாத்துக்கும் மாட்டறோம் சார்” என்றார் கறைக்காரம்மா. “எனக்கு மட்டும் எதுக்கு விதிவிலக்கு?”

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே தம் படிவத்தில் ஏதோ எழுதினார். விரிப்புகள் வேறெங்கும் போகவில்லை. மாலையில் வாத்தியக் குழுத் தலைவர் கோட்டை அங்கேயே போட்டுக்கொண்டு, மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தலை வணங்கினார். தொங்கிகள் அறையிலிருந்து நீராவி இரண்டு கம்பிகளைத் தாளம் போலத் தட்டினார்.

எல்லாரும் கிளம்பும் நேரத்தில், துணி மடிக்கும் பிரிவுப் பெண் ஒரு கோப்பையோடு மேசைக்கு வந்தாள். கைப்பிடியில் சிவப்பு நூல் இல்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“டீ ஆறிடும்” என்றார் கறைக்காரம்மா. “உக்காந்து சொல்லு.”

“அக்கா... எங்க அப்பாவுக்கும் முதுகுல, முழங்கால்ல இந்த மாதிரிதான். நாலு வருஷமா. எத்தனையோ டாக்டர்.” அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒவ்வொரு தடவையும் நான்தான் வெந்நீர் போட்டு, நல்லா தேச்சுக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போவேன்.”

கறைக்காரம்மா தேநீரை ஒரு வாய் குடித்தார். இழுப்பறையைத் திறந்து, எழுதாத மஞ்சள் சீட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“எங்கேன்னு முதல்ல எழுது” என்றார். “வலம், இடம் ரெண்டும் பாத்து எழுதணும். அப்பாகிட்ட சொல்லு, நாலு நாளைக்கு நாரைத் தொடக் கூடாதுன்னு.”